பாலாடைக்கட்டி வரிசை

டெட்ராய்ட்,
20-2-1982

அன்புள்ள அப்பாவுக்கு, கிளமென்ட்டின் வணக்கம். அம்மாவின் முழங்கால் வலி குறைந்ததா? நான் சுகம்.

அமெரிக்காவில் கம்யூனிசம் துளியும் இல்லை என்று பொன்மலை யூனியன் கூட்டத்தில் இனிப் பேசாதீர்கள். விலை விழாமலிருக்க இங்கே அரசே பாலாடைக்கட்டியை வாங்கிக் குவித்து, இல்லாதவர்களுக்கு இலவசமாகத் தருகிறது. நேற்று அந்த வரிசையில், "இது கம்யூனிசம்தானே?" என்றேன். முன்னால் நின்ற கிழவர் சீறினார்: "வாயைக் கழுவுய்யா! இது நான் கட்டின வரி."

இனி வருவதை அம்மாவுக்கு வாசித்துக் காட்டாதீர்கள். தொழிற்சாலையை மூடிவிட்டார்கள். விசா மார்ச்சோடு முடிகிறது. உங்கள் சிபாரிசே வேண்டாமென்று வந்தவன் கேட்கிறேன்: துவாக்குடியில் எந்தப் பட்டறையிலாவது சொல்லி வையுங்கள். எஞ்சினியர் என்று வேண்டாம், வெல்டர் என்றே சொல்லுங்கள்.

தபால் எடுக்கும் நேரமாகிவிட்டது. பதிலை உடனே போடுங்கள். தாமதித்தால் இந்த முகவரியில் நான் இருக்க மாட்டேன்.

கிளமென்ட்