ஸ்கோப்புக்குள் வண்டு

3 செப்டம்பர் 2004, வெள்ளி

வெயில். காற்று துளி இல்லை. காலையில் குடோனைத் திறந்தால் துவரம் பருப்பு அட்டியில் கீழ் வரிசை மூட்டை முழுக்க ஓட்டை. தரையெல்லாம் பருப்பு. பெருச்சாளி. போன மாதம் கொண்டுவந்த பூனை அட்டியின் உச்சியில் உட்கார்ந்து வேடிக்கை பார்க்கிறது. விஷம் வைக்க முடியாது, சாப்பிடுகிற பொருள். பொறி வைத்தாயிற்று. தேங்காய் போயிற்று, பொறி அப்படியே இருக்கிறது.

வெடி போட்டு விரட்டுங்கள் என்கிறார் கணக்கப்பிள்ளை. ஜில்லாவே வெடி செய்கிறது, என் முற்றத்தில் மட்டும் ஒரு ஓலைவெடி கொளுத்த வழியில்லை. வேலிக்கு அந்தப் பக்கம் பட்டாசு ஸ்டாக் குடோன். அதன் சுவரில் சிவப்புப் போர்டு: புகை பிடிக்காதீர். பீடிக்கே இந்தப் பாடு.

சாயங்காலம் என் மனைவி ரா.வின் தம்பி தங்கப்பாண்டி தாயில்பட்டியிலிருந்து வந்தான். சின்னப் பட்டாசு யூனிட் வைத்திருக்கிறான். தீபாவளி ஆர்டர் கழுத்தை நெரிக்கிற நேரத்தில் அக்கா வீட்டுக் காப்பி குடிக்க இவனுக்கு மட்டும் நேரம் கிடைக்கிறது.

“ஏர்கன் வாங்குங்க அத்தான். லைசென்சு வேண்டாம், நெருப்பு கெடையாது, வெறும் காத்து. எங்க யூனிட்டுக்குள்ளயே வச்சுச் சுடலாம்.”

“சுட்டியா?”

“போர்மேன் விட மாட்டேங்கான்.”

ரா. அடுப்படியிலிருந்து: “பிள்ளையார் சதுர்த்தி வர்ற நேரத்துல அவரு வாகனத்தச் சுடப் போறீகளாக்கும். வெளங்கும்.”

“அவரு வாகனம் மூஞ்சூறு. இது பெருச்சாளி.”

“ரெண்டும் பங்காளிதான.”

திங்கள் மதுரை போக வேண்டும்.

6 செப்., திங்கள்

மதுரை. துப்பாக்கி சீக்கிரம் முடிந்தது. ஸ்கோப்தான் அரை நாளைத் தின்றது. கடைக்காரர் ஒரு பாய். அவர் சொன்னதில் நினைவில் வைக்க வேண்டியவை:

பெரிய துப்பாக்கி ஸ்கோப்பை இதில் மாட்டக் கூடாது. ஏர்கன் ஸ்பிரிங், முன்னாலும் உதைக்கும் பின்னாலும் உதைக்கும். உள்ளே கண்ணாடி கழன்றுவிடும்.

அது தூரத்துக்கு அமைத்தது. முற்றத்து அளவுக்கு வைத்துப் பார்த்தால் எல்லாம் கலங்கல்.

பெருக்கம் கூடினால் நல்லது என்று இல்லை. கை நடுக்கமும் சேர்ந்து பெருகும்.

முன் வாய் அகலம் = வெளிச்சம்.

ஸ்கோப் இல்லாமலே சுடலாமாம். குழல் முனையில் முள், பின்னால் ஒரு பள்ளம், இரண்டையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். எனக்கு முள் தெரியவில்லை. கடைக்குள் வெளிச்சம் போதாது.

நல்ல வியாபாரி. தன் சரக்கைப் புகழவில்லை, மற்ற சரக்கைக் குறை சொல்லித்தான் விற்றார். நானும் அப்படித்தான். சின்ன வாய் ஸ்கோப் ஒன்று எடுத்தேன்.

8 செப்., புதன்

மேகமூட்டம். விடிந்ததும் மாடி ஜன்னலில் தலையணை போட்டு அதன் மேல் துப்பாக்கி. இடது கண்ணை மூடி, வலது கண்ணை ஸ்கோப்பில் வைத்தேன். வட்டம் தெரிந்தது. குறுக்குக் கோடு இரண்டும் ஓரத்தில் தெரிந்தன. அவை சேருகிற இடத்தில் சாம்பல் நிறமாக ஒரு அழுக்கு.

பெருச்சாளி வந்தது. நிதானமாக முற்றத்தின் நடுவில் உட்கார்ந்தது. நேராக வைத்தேன், அழுக்குக்குள் போய்விட்டது. வால் மட்டும் வெளியே. சுட்டேன். எண்ணெய் டின்னில் ஓட்டை.

லென்ஸைத் துடைத்தேன். போகவில்லை. வட்டத்தின் ஓரத்தைப் பார்த்தால் அழுக்கும் ஓரத்துக்கு வருகிறது. நகர்கிற அழுக்கு! வண்டு. கண்ணாடிக்கும் கண்ணாடிக்கும் நடுவில் வண்டு போயிருக்கிறது. பருப்பில் வண்டு பார்த்தே பிழைக்கிறவனிடம் வண்டோடு விற்றிருக்கிறார் பாய்.

தங்கப்பாண்டியைப் பார்க்கச் சொன்னேன்.

“எங்கன அத்தான்? ஒண்ணும் தெரியலையே.”

“நல்லாப் பாருலே.”

“பளிச்சுன்னு இருக்கு. நீங்க எதுலதான் குத்தம் சொல்லல? எங்க அக்காவப் பொண்ணு பாக்க வந்தன்னைக்கே காப்பியில சீனி பத்தலைன்னு சொன்ன ஆளு.”

ரா.: “அன்னைக்கு நெசமாவே பத்தலதான். அதுக்கும் சேத்து இன்னைக்கு வரைக்கும் குடிச்சுக்கிட்டு இருக்காக.”

இவன் கண்ணை நம்ப முடியாது. பட்டாசுப் பெட்டியில் லேபிளைத் தலைகீழாக ஒட்டி அனுப்பியவன்.

10 செப்., வெள்ளி

மறுபடி மதுரை. பஸ்ஸில் நின்றுகொண்டே.

“பாய், உள்ள வண்டு இருக்கு.”

“வண்டா? ஸ்கோப்புலயா?” தெருப் பக்கம் திருப்பிப் பார்த்தார். துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். “எனக்குத் தெளிவாத் தெரியுதுங்களே அண்ணாச்சி.”

வண்டு விழுந்த பருப்பைத் திருப்பிக் கொண்டுவருகிறவனிடம் நானும் இதைத்தான் சொல்வேன். ஆகவே நம்பவில்லை. வாக்குவாதம் பண்ணாமல் மாற்றிக் கொடுத்தார். இப்போது அகல வாய். கரண்ட் இல்லை, பஸ்ஸுக்கும் நேரமாகிவிட்டது, சோதிக்காமல் வாங்கி வந்தேன். என் தப்பு.

11 செப்., சனி

அதே வண்டு. அதே நிறம், அதே அளவு, அதே இடம்.

ஒரு மூட்டையில் வண்டு என்றால் லோடு முழுக்க வண்டு. வேறு கம்பெனிச் சரக்குக்குப் போக வேண்டும்.

பெருச்சாளி இன்று துப்பாக்கியைப் பார்த்துக்கொண்டே தின்றது.

13 செப்., திங்கள்

எழுத உட்கார்ந்து நேரமாகிறது. கை ஓடவில்லை. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

பாய் கடையில் உயர்ந்த ரகம் கேட்டேன். முன்னால் வளையம் இருக்கிறது, திருப்பினால் பக்கத்தில் உள்ளதும் தெளிவாகும் என்று எடுத்துக் கொடுத்தார். இந்தத் தடவை ஏமாறக் கூடாது. வாசலில் நல்ல வெயிலில் நின்று எதிர் டீக்கடையைப் பார்த்தேன். வண்டு.

சத்தம் போட்டுவிட்டேன். “எல்லாச் சரக்கும் வண்டு! வெளியூர்க்காரன்னா கேக்க நாதி இல்லைன்னு நெனச்சீரா?” டீக்கடையில் குடித்துக்கொண்டிருந்தவர்கள் கிளாசோடு வந்து நின்றார்கள்.

பாய் கோபப்படவில்லை. கவுண்டரை விட்டு வெளியே வந்து என் பக்கத்தில் நின்றார். மெதுவாக: “அண்ணாச்சி, ஒரு தடவ இந்தக் கண்ண மூடிட்டு, அந்தக் கண்ணுல பாருங்க.”

இடது கண்ணில் பார்த்தேன்.

டீ மாஸ்டர் மீசை. பாய்லரில் ஆவி. வடை மேல் ஈ, அதன் கால். நடுவில் குறுக்குக் கோடு, தலைமுடி மாதிரி மெல்லிசாக. இவ்வளவு மெல்லிசான கோடா அது? வண்டு இல்லை.

ஸ்கோப்பைக் கீழே இறக்கினேன். இடது கண்ணைக் கையால் பொத்திக்கொண்டு பாயைப் பார்த்தேன். தொப்பி தெரிந்தது, தாடி தெரிந்தது. முகம் இல்லை. முகம் இருக்க வேண்டிய இடத்தில் வண்டு.

ஸ்கோப் இல்லை, கண்ணாடி இல்லை. வெறும் கண்.

பாய் ஸ்டூலை இழுத்துப் போட்டார். “எப்ப இருந்துங்க?” என்றார்.

எனக்குத் தெரியாது. எந்த ஊர்ச் சரக்கு எந்த மாதம் வந்தது என்று கேட்டால் தூக்கத்தில் சொல்வேன். என் கண் எப்போது போனது என்று எனக்குத் தெரியாது.

மூன்றாவது ஸ்கோப்பைக் கட்டச் சொன்னேன். “இது இப்ப எதுக்குங்க அண்ணாச்சி?” என்றார். கட்டுங்க என்றேன். திருப்பிக் கொடுக்க எனக்கு முகம் இல்லை.

14 செப்., செவ்வாய்

வெயில். கடைக்குப் போகவில்லை.

யோசிக்க யோசிக்க வருகிறது. டம்ளருக்கு வெளியே தண்ணீர் ஊற்றியது. டம்ளரைத் திட்டினேன். பேனா மூடியைப் போட நாலு தடவை தடவியது. குடோன் படி தவறியது. கொத்தனார் படியை ஏறுமாறாகக் கட்டிவிட்டார் என்று அவரோடு சண்டை போட்டது. எல்லாம் இதுதான். ஒரு கண் வேலை செய்ய, மற்றது சும்மா கூட வந்துகொண்டிருந்திருக்கிறது.

காலையில் ரா. தோசை வார்க்கும்போது எதிரே உட்கார்ந்து இடது கண்ணை மூடிப் பார்த்தேன். தலையில் பூ. காதில் தோடு. நடுவில் ஒன்றும் இல்லை. சரியாக இருக்கிறதா என்று திறந்து, மூடி, மறுபடி திறந்து பார்த்தேன்.

“என்ன, ஒத்தக் கண்ண மூடி மூடிப் பாக்கீக? பேரன் எடுக்குற வயசுல கண்ணடிக்கீகளாக்கும்?”

சிரித்தாள். சிரிப்பு கேட்டது. சிரித்த முகத்தைக் காணவில்லை.

சொன்னேன். தோசைக் கரண்டியை எங்கே வைப்பது என்று தெரியாமல் கையிலேயே வைத்திருந்தாள். தோசை கருகியது. இரண்டு பேரும் எழுந்து எடுக்கவில்லை.

16 செப்., வியாழன்

மதுரை, கண்ணாஸ்பத்திரி. சொட்டு மருந்து விட்டார்கள். உலகம் முழுக்க சுண்ணாம்பு அடித்தது மாதிரி ஆயிற்று. டாக்டர் சின்ன வயசுப் பெண்.

“சர்க்கரை இருக்கா ஐயா?”

“கொஞ்சம் இருக்கும்மா.”

“மாத்திரை ஒழுங்காப் போடறீங்களா?”

“ஞாபகம் வந்தாப் போடுவேன்.”

அவர் முகம் மாறவில்லை. தினம் என்னைப் போல் பத்துப் பேர் வருவார்கள் போல.

கண்ணின் பின்பக்கத்தைப் படம் எடுத்துக் காட்டினார். வலது கண் படத்தில் நடுவே வெளுத்துப் போய், உளுந்து மாவு சிந்தின மாதிரி. சர்க்கரையால் ரத்தக் குழாய் கசிந்து கசிந்து தழும்பாகிவிட்டதாம். இனி அதில் செய்வதற்கு ஒன்றும் இல்லை. இதை அவர் சொன்ன விதம் நன்றாக இருந்தது. சுற்றி வளைக்கவில்லை.

இடது கண் படம். ஓரத்தில் மஞ்சள் மஞ்சளாகப் பொடி. பருப்பு நொய் மாதிரி.

“இங்கயும் ஆரம்பிச்சிருச்சு ஐயா. இத லேசர் வச்சு நிறுத்தப் பாக்கலாம். திங்கக்கிழமை வாங்க.”

ரா. அப்போது மருந்துச் சீட்டோடு கீழே வரிசையில் நின்றாள். நான் தனியாக இருந்தேன். தீபாவளி சீசன், வடக்கேயிருந்து லோடு வருகிற நேரம், நான் பார்க்காமல் ஒரு மூட்டை உள்ளே போகாது என்றேன். தீபாவளி முடியட்டும் என்றேன். முடியாது என்றார். அக்டோபர் கடைசி என்றேன். தலையை ஆட்டினார். கடைசியில் அக்டோபர் ஆறாம் தேதியில் வந்து நின்றது.

“ஒங்க இஷ்டம் ஐயா. ஆனா அதுவரைக்கும் கண்ணு காத்திருக்கும்னு நான் சொல்ல மாட்டேன். தினம் காலையில வலது கண்ண மூடிட்டு, இடது கண்ணால ஒரே எடத்தப் பாருங்க. நூல் மாதிரியோ புள்ளி மாதிரியோ எது புதுசாத் தெரிஞ்சாலும் போட்டது போட்டபடி வந்துரணும்.”

சொன்ன விலைக்கு ஒத்துக்கொண்டு எனக்குப் பழக்கம் இல்லை. ரா.விடம் டாக்டர் கொடுத்த தேதி ஆறு என்று சொன்னேன்.

18 செப்., சனி

பிள்ளையார் சதுர்த்தி. எனக்கு மட்டும் உப்புக் கொழுக்கட்டை. பூரணக் கொழுக்கட்டைத் தட்டை ரா. தன் மடியில் வைத்துக்கொண்டு சாப்பிட்டாள், நான் எட்டாதபடி. அவளும் ஒன்றுக்கு மேல் தின்னவில்லை.

காலைச் சோதனைக்கு அந்த மூன்றாவது ஸ்கோப்பைத்தான் வைத்துக்கொண்டேன். எதிர்ச் சுவரில் போர்டு. புகை பிடிக்காதீர் வெறும் கண்ணுக்கே தெரியும். அதன் கீழே சின்ன எழுத்தில் இன்னொரு வரி இருப்பது ஸ்கோப் வந்த பிறகுதான் தெரிந்தது: தீப்பெட்டி, செல்போன் கொண்டு வராதீர். இடது கண்ணில் இந்த வரி முழுக்கத் தெரிந்தால் அன்றைக்குப் பாஸ்.

இன்று பாஸ்.

22 செப்., புதன்

பாஸ். மாத்திரை மூன்று வேளையும். காப்பி கசக்கிறது.

தங்கப்பாண்டி துப்பாக்கியை என் இடது தோளில் வைத்து உட்கார வைத்தான். “இப்பச் சுடுங்க அத்தான், பெருச்சாளிக்கு நீங்க எந்தப் பக்கம்னு கொழப்பமாயிரும்.” சுட்டேன். அதே எண்ணெய் டின், இன்னொரு ஓட்டை. விழுந்து விழுந்து சிரித்தான். அப்புறம் சட்டென்று நிறுத்திவிட்டு முற்றத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

25 செப்., சனி

லோடு வந்தது. ஒவ்வொரு மூட்டையிலும் கையை விட்டு அள்ளி இடது கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். ஏழெட்டு மூட்டை திருப்பி அனுப்பினேன். நான் ஆஸ்பத்திரியில் கிடந்திருந்தால் இது அத்தனையும் உள்ளே போயிருக்கும். தேதியைத் தள்ளி வாங்கியது சரிதான்.

பாஸ்.

27 செப்., திங்கள்

புழுதிக் காற்று. போர்டு மங்கலாகத் தெரிந்தது, பயந்துவிட்டேன். காற்று நின்றதும் மறுபடி பார்த்தேன். முழு வரியும் தெரிந்தது. பாஸ்.

28 செப்., செவ்வாய்

மழை பெய்து விட்டிருக்கிறது. காற்று கழுவிவிட்ட மாதிரி.

இடது கண். புகை பிடிக்காதீர், சரி. கீழே தீப்பெட்டி, சரி. அடுத்த சொல்லின் மேல் ஒரு நூல். கறுப்பாக, வளைந்து. கண்ணை வலப் பக்கம் கொண்டுபோனேன். கூட வந்தது.

லென்ஸைத் துடைத்தேன். பனியனைக் கழற்றி அதனால் மறுபடி துடைத்தேன்.

ரா.வைக் கூப்பிட்டேன். என்னவென்று சொல்லவில்லை. இதில் பார்த்து எதிரே உள்ளதைப் படி என்றேன். இந்தத் துப்பாக்கியை அவள் இதுவரை தொட்டதில்லை. “பிள்ளையாரே, கோவிச்சுக்கிறாத” என்று சொல்லிவிட்டுக் கண்ணை வைத்தாள்.

“புகை பிடிக்காதீர். கீழ பொடியா... தீப்பெட்டி, செல்போன் கொண்டு வராதீர். யம்மா, எம்புட்டுத் தெளிவாத் தெரியுது! அந்தா, போர்டு மேல ஒரு பல்லி கூட இருக்கு.”

பல்லியை நான் பார்க்கவில்லை.

நூலைப் பற்றிச் சொன்னேன். அந்தத் தேதி டாக்டர் கொடுத்தது இல்லை, நான் கேட்டு வாங்கினது என்றும் சொன்னேன்.

ரா. ஸ்கோப்பிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

மதுரை ஆஸ்பத்திரிக்குப் போக வேனுக்குப் போன் போட்டுவிட்டேன். வந்துகொண்டிருக்கிறது. அவள் இன்னும் எடுக்கவில்லை.