சிவமணியின் இடது செருப்பு

2025 ஜனவரி 20, திங்கள்

இன்றும் சிவமணி வழி மாறிவிட்டாள். கொட்டாஞ்சேனையில் எங்கள் வீட்டிலிருந்து கோயில் ஐந்து நிமிட நடை. முப்பது வருஷமாகப் போய்வரும் தெரு. பஸ் தரிப்பில் நின்றவளைப் பக்கத்து வீட்டு மாக்ரெட்தான் கையைப் பிடித்துக் கூட்டி வந்தாள். மறதி வியாதி என்று டொக்டர் சொல்லி நாலு மாதம். என் பெண்சாதிக்கு இப்படி என்று வெளியே யாரிடமும் வாய் திறக்கவில்லை.

ஜனவரி 23

வெள்ளவத்தையில் என் செருப்புக் கடைக்கு எதிரே தாஸிமின் ஃபோன் கடை. பொத்தான் அளவில் ஒரு சாமான் தந்தான். எங்கே கிடந்தாலும் நம் ஃபோனில் புள்ளியாகக் காட்டுமாம். எதற்கு என்று கேட்டான். "சும்மா, வீட்டுக்கு" என்றேன்.

சங்கிலியில் கோத்தால் கழற்றுவாள். கைப்பையை மறப்பாள். ஆனால் செருப்பில்லாமல் அவள் படி இறங்கியதே இல்லை – செருப்புக்கடைக்காரன் பெண்சாதி! இடது செருப்பின் அடியைப் பிளந்து, பொத்தானை வைத்து, பசை போட்டு நானே ஒட்டினேன். தடவிப் பார்த்தாலும் தெரியாது.

பெப்ரவரி 3

அருமையான சாமான். கல்லாவில் இருந்தபடியே அவளைப் பார்க்கிறேன். வீடு, கோயில், வீடு. வழி மாறியதிலிருந்து அவளுக்குத் துணையாகக் கூடப் போய்வந்த வேலைக்காரி இராமலெட்சுமியை இனி வரவேண்டாம் என்றேன்.

"ஃபோன் அம்மா கையப் புடிச்சுக்கிட்டு ரோட்டக் கடக்குமாங்கய்யா?"

வாய்க்காரி.

மார்ச் 15, சனி

நேற்றுப் பதினொரு மணிக்குப் புள்ளி கோயிலில். ஒன்றரைக்கும் கோயிலில். மாக்ரெட் கடைக்கு ஃபோன் எடுத்தாள். "அண்ணே, அக்கா இன்னும் வரேல்ல."

"கோயில்லதான் நிக்கிறா, எனக்கு இஞ்ச தெரியுது. நீங்க உங்கட வேலையப் பாருங்கோ."

புதுவருஷச் சரக்கு இறங்கிக்கொண்டிருந்தது. மூன்று மணிக்கும் எடுத்தாள். வெள்ளிக்கிழமை, அன்னதானம், பஜனை என்று நானே காரணம் சொன்னேன். நாலரைக்குத்தான் போனேன். கோயில் பூட்டியிருந்தது. வாசலில் ஒரே ஒரு சோடிச் செருப்பு.

கோயிலுக்குள் யார் செருப்போடு போவது? எத்தனை வெள்ளி நானே அந்த வாசலில் கழற்றியிருக்கிறேன்! வெளியே வந்தவள் மறந்து, வெறுங்காலோடு நடந்திருக்கிறாள். எந்தப் பக்கம்? எந்தப் பக்கமடி போனனீ?

பொலிஸில் உயரம், நிறம், சேலை எல்லாம் சிங்களத்தில் சொன்னேன். காலில் என்ன என்று கேட்டார்கள். ஆயிரம் காலுக்குப் பார்த்தே அளவு சொன்னவன் நான். வெறுங்கால் என்றேன்.

மார்ச் 18

ஆஸ்பத்திரிகள், துறைமுகத் தெருக்கள், முகத்துவாரத்தில் ஆறு கடலில் விழும் இடம்வரை. செய்தி கேட்டு வந்த இராமலெட்சுமி என்னோடு நடக்கிறாள். ஒரு வார்த்தை குத்திக் காட்டவில்லை. காட்டினால் தேவலை.

மார்ச் 22

தாஸிமின் கடையில் போய்க் கத்தினேன்.

"முதலாளி, இது சாவிக்கும் பேக்குக்கும் போடுற சாமான். ஆளுக்கெண்டு நீங்க ஒரு சொல்லும் சொல்லல்லயே."

அவன் கண் கலங்கிவிட்டது. சொன்னது சரிதானே. சாமான் தன் வேலையைச் செய்தது. செருப்பு தொலையவில்லை.

மே 9

ஒன்றுமில்லை.

ஓகஸ்ட் 4, திங்கள்

காலையில் ஃபோன் சத்தம் போட்டது. 'சிவமணி – பற்றரி குறைகிறது.'

கோயிலிலிருந்து கொண்டுவந்து வீட்டு வாசலில் வைத்திருந்த இடது செருப்பை எடுத்து அடியைப் பிளந்தேன். புதுப் பற்றரி போட்டு, பழையபடி ஒட்டி, வலது செருப்புக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுக் கடைக்குப் போனேன்.

பத்து மணிக்கு ஃபோனில் ஒருதரம் பார்த்தேன். வீட்டில்தான் இருக்கிறாள்.