பூ எண்ணும் பாட்டு

ஜூலை 8, செவ்வாய்

தூறல். பிச்சி மொட்டெல்லாம் ஈரம், நார் வழுக்குகிறது.

முதலில் கேட்டது கத்திரிக்கோல் சத்தம்தான். எங்கள் பூக்கடைக் கத்திரி, திருகு தளர்ந்தது. மூடும்போது இரண்டு தடவை ‘டிக்’ என்னும். பக்கத்து வளையல் கடை ஷைனி சேச்சியின் போனில் ஒரு ரீல். எங்கள் சாலைக் கடைத்தெருவில் நடந்துகொண்டே வீடியோ எடுக்கிற நீலு போட்டது. சேச்சிக்கு அவள் என்றால் உயிர். லட்சம் பேர் பார்க்கிறார்களாம். சிப்ஸ் கடை, மழை, குடைகள். பின்னால் எங்கள் கத்திரி. அதற்கும் பின்னால் ஒரு குரல். என் குரல்.

“எடி, இது நீயல்லே?”

தலையைக் குனிந்துகொண்டேன்.

பாட்டு என்றுகூடச் சொல்ல முடியாது. முதலாளி இல்லாத நேரத்தில், கட்டும்போது எண்ணிக்கை தவறாமல் இருக்க நானே முணுமுணுப்பது. ‘ரெண்டு பிச்சி, ரெண்டு பிச்சி, கொழுந்து வை. விட்டது எங்கே, தொட்டது எங்கே, திரும்ப வை.’ அவ்வளவுதான். ராகம் கை போகிற வேகத்தில் தானாக வந்தது. கையில் பூ இல்லாவிட்டால் எனக்குப் பாட வராது.

ஜூலை 9, புதன்

நல்ல மழை. வியாபாரம் மந்தம்.

சேச்சி கமெண்ட் எல்லாம் வாசித்துச் சொன்னாள். பாதிப் பேர் கேட்பது ஒன்றே: யார் பாடுவது? ஒருவர், பழைய படகுக்காரர் பாட்டு என்கிறார். ஒருவர், கோயில் பாட்டு. ஒருத்தி, செத்துப்போன அம்மா ஞாபகம் வந்து அழுதாளாம். அதை மட்டும் திரும்ப வாசிக்கச் சொன்னேன்.

அது நான்தான் என்று தெரியவேண்டும். எல்லாருக்கும் வேண்டாம். நீலுவுக்குத் தெரிந்தால் போதும்.

அம்மா வேலை முடிந்து வந்ததும் போனை வாங்கி எழுதினேன். லீவ் லெட்டர் தவிர வேறு எழுதிப் பழக்கமில்லை. ‘மதிப்பிற்குரிய நீலு அக்கா அவர்களுக்கு’ என்று தொடங்கி ‘தங்கள் கீழ்ப்படிதலுள்ள’ வரை. அனுப்பியும் விட்டேன்.

ஜூலை 11, வெள்ளி

பதில் இல்லை. கடிதத்தில் எழுதியதைச் சேச்சியிடம் சொல்லிக் காட்டினேன். சிரித்துச் சிரித்து வளையல் ஸ்டாண்டைப் பிடித்துக்கொண்டாள். “எடி பொண்ணே, அவளுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. தெரிஞ்சாலும் தினம் ஆயிரம் மெசேஜ் வரும்.”

எனக்கு மலையாளம் வாசிக்க வராது. ஒன்பதாவது வரை தென்காசிப் பக்கம் படித்தேன். அப்பாவுக்கு இங்கே டைல்ஸ் வேலை கிடைத்து வந்தோம், அதோடு பள்ளிக்கூடம் நின்றது. பேச்சு புரியும். எழுத்து மட்டும் வளையல் வளையலாகத் தெரிகிறது.

என் குரலுக்கு யாரோ டிரம்ஸ் சேர்த்துவிட்டார்கள். அதை வைத்து வேறு வேறு ரீல்: ஒரு கல்யாணம், ஒரு பூனை, ஒருவர் பைக் கழுவுகிறார். அது தன் குரல்தான் என்று இதுவரை ஏழு பேர் சொல்லியாயிற்று.

சேச்சி சொன்னவை:
– சொந்தமாக ஒரு பக்கம் தொடங்கு
– முகம் காட்டிப் பாடு (மாட்டேன். கை மட்டும்.)
– நீலுவை டேக் பண்ணு
– கமெண்ட் போட்டவர்களுக்கு உடனே பதில், முடியாவிட்டால் ஹார்ட். “ஒரு ஃபேனையும் விடாதே.”

ஜூலை 13, ஞாயிறு

வெயில்! அம்மாவுக்கு இன்று லீவு, போன் என்னிடம்.

முதலாளி அண்ணாச்சி தோவாளைப் பூ வருகிற பஸ்ஸுக்குப் போன நேரத்தில் எடுத்தேன். பூக்கூடைமேல் போனைச் சாய்த்து, கை மட்டும். மூன்றாவது தடவை சரியாக வந்தது. கடைசியில் கத்திரி, டிக் டிக். புதுப் பக்கம் தொடங்கி, நீலுவை டேக் பண்ணிப் போட்டேன்.

சாயங்காலத்துக்குள் நாற்பத்தொரு கமெண்ட். எல்லாம் மலையாளத்தில். சேச்சி கடை ஞாயிறு லீவு, வாசிக்க ஆளில்லை. நாற்பத்தொன்றுக்கும் ஹார்ட் போட்டேன். ஒருவரையும் விடவில்லை. இரண்டு தோசை கூடுதலாகச் சாப்பிட்டேன்.

ஜூலை 14, திங்கள்

நீலு வந்தாள். எங்கள் கடைக்கே. சேச்சி சோறு சாப்பிடப் போயிருந்தாள்.

“அண்ணாச்சி, இவிடெ யாரோ பாடுவாங்களே, யாரு?”

“இங்கயா? இங்க இருக்கது நானும் இந்தப் பிள்ளையும். இவளுக்கு வாயே கிடையாதும்மா. சம்பளம் போதுமான்னு கேட்டாக்கூட தலையத்தான் ஆட்டுவா.”

பூ வாங்க நின்றவர்கள் சிரித்தார்கள். நீலுவும் சிரித்து என்னைப் பார்த்தாள். இப்போது சொல், இப்போது சொல். வாயைத் திறந்தேன்.

“எத்தனை முழம்?”

இரண்டு என்றாள். மூன்றுக்கு மேல் அளந்து கொடுத்தேன். போனில் முகம் பார்த்துப் பூவைத் தலையில் வைத்துக்கொண்டு பழவங்காடிப் பக்கம் போனாள். மஞ்சள் குடை கொஞ்ச தூரம் தெரிந்தது.

ஜூலை 15, செவ்வாய்

மறுபடி தூறல். அம்மாவிடம் கெஞ்சிப் போனைக் கடைக்குக் கொண்டுவந்தேன்.

சேச்சி நாற்பத்தொன்றையும் வாசிக்க உட்கார்ந்தாள். நாலைந்தை மனசுக்குள் வாசித்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

“சொல்லுங்க சேச்சி.”

“ ‘ஒரிஜினல் இதைவிட நல்லா இருக்கு.’ ‘வேற ஒருத்தி பாட்டு, நாணமில்லையா?’ இது... ‘கத்திரி சத்தத்தைக்கூட காப்பி அடிச்சிருக்கு.’ எல்லாத்துக்கும் ஹார்ட் போட்டு வச்சிருக்கியே, மோளே.”

நீலுவின் ரீலில் பாடியதும் இவள்தான் என்று சேச்சியே கீழே எழுதினாள். சிரிக்கிற முகங்கள் வரிசையாக வந்தன.

நாலு மணிக்குப் புதிதாக ஒன்று. நீலு! பேருக்குப் பக்கத்தில் நீல டிக். சேச்சி வாசித்தாள்: “நைஸ் கவர், டியர்.”

கவர் என்றால்?

“வேற ஆள் பாடின பாட்டை நீ பாடினா, அது கவர்.” போனை என் கையில் திணித்தாள். “சும்மா விடாதே. எழுதடி. நேத்து பூ கொடுத்தது நான்தான்னு எழுது.”

அண்ணாச்சி உள்ளிருந்து, “ஏ பிள்ள, கல்யாண மாலை என்னாச்சு?”

விரலெல்லாம் ஈரம். சுடிதாரில் துடைத்தேன். ஹார்ட் போட்டேன்.