கிணற்றடி வாளி

ஐப்பசி 12, திங்கள்

விடியலில் மழை. நெல் மில் மலசலகூடத்தில் யாராவது விழுந்து காலை உடைக்கும் முன் செய்ய வேண்டியவை:

1. தரைப் பாசி. சுண்ணாம்பு போட்டுத் தேய்க்க வேண்டும்.
2. கதவின் உட்கொண்டி இறுகிக் கிடக்கிறது. எண்ணெய்.
3. வாளியில் தண்ணீர் சுமப்பதால் படியெல்லாம் ஈரம். உள்ளேயே ஒரு பீப்பா.

கணக்குப் புத்தகத்தை மூடிவைத்து, பாசியைப் பற்றிச் சொல்ல முதலாளியிடம் போனேன். லொறிக்காரரோடு கதையில் இருந்தார். சற்று நின்றேன். திரும்பி வந்துவிட்டேன்.

செவ்வாய்

கொண்டிக்கு எண்ணெய் விட்டாயிற்று. நன்றாக ஓடுகிறது.

மூன்றாவதற்கு ஈரம் மட்டும் காரணமல்ல. மில்லில் ஒரே வாளி. கிணற்றடியில் அது இல்லையென்றால் யாரோ உள்ளே என்று அர்த்தம். நெல் அவிக்கும் பொன்னம்மா இன்றும்: “வாளியைக் காணேல்லை. கிளாக்கர் ஐயா உள்ளுக்கை. இனி மத்தியானம் வரைக்கும் ஒருத்தரும் போகேலாது!” பெண்களின் சிரிப்பு. அது அடங்கும்வரை உள்ளேயே நின்றேன்.

புதன்

பழைய பீப்பா ஒன்றைக் கழுவி உள்ளே வைத்து, நானே நிரப்பினேன். வாளி கிணற்றடியில். போனேன், வந்தேன். ஒருவரும் கவனிக்கவில்லை. நிம்மதி.

வீட்டில் தனியே பாணும் சம்பலும் சாப்பிட்டேன். இன்று முழுக்க “ஓம்” என்று ஆமோதித்ததைத் தவிர வேறெதுவும் பேசியதாக நினைவில்லை.

வெள்ளி

நேற்று எழுத முடியவில்லை. நேற்றுப் பத்து மணியளவில் மலசலகூடத்துப் பாசியில் சறுக்கி விழுந்தேன். வலது கால் மடிந்துவிட்டது. கொண்டி கைக்கு எட்டவில்லை. கூப்பிட்டேன். மெஷின் இரைச்சல், தகரத்தில் மழை. என் குரலும் அவ்வளவுதான்.

பன்னிரண்டுக்கு மெஷின் நின்றது. வெளியே பொன்னம்மா: “ஐயாவைக் காணேல்லை.”

“வீட்டை போயிருப்பார்,” ஒரு பெண்.

“ஓம், வாளி கிணத்தடியிலைதானே கிடக்கு. உள்ளுக்கை ஒருத்தரும் இல்லை.”

அப்போதுதான் சத்தமாகக் கூப்பிட்டேன். கதவை உடைத்தார்கள். பொன்னம்மா என் முகத்தைத் துடைத்தபடி: “பகிடி பண்ணினாலும் வாளியைப் பாத்துக்கொண்டுதான் இருப்பம், ஐயா. கனநேரமெண்டால் வந்து தட்டியிருப்பமே. ஆர் அந்தப் பீப்பாவை வைச்சது?”

நான் காலைக் காட்டினேன்.

சனி

மழை. காலில் நோவெண்ணெய், கட்டு. அடுப்புவரை நடக்க முடியவில்லை. பட்டியலில் ஒன்றும் இரண்டும் சரியான யோசனைதான். மூன்றாவது பிழை. பீப்பாவை எடுத்துவிடச் சொல்லி அனுப்ப வேண்டும். இதுவரை வீட்டுப் பக்கம் ஒருவரும் வரவில்லை.