ஒரே பிடியில் இரண்டு பிரேக்

மாப்ள,

உன் பேட்டரி சைக்கிளின் இடது கைப்பிடியில், உன் கை நழுவாமல் இருக்க நான் சுற்றிவிட்டிருந்த டியூப் ரப்பரை இன்று காலை பிளேடால் கீறினேன். மடிப்புக்குள்ளிருந்து குப்பென்று பவுடர் வாசம். பஸ் ஸ்டியரிங்கைத் தொடுவதற்கு முன்னால் உள்ளங்கையில் போட்டுத் தேய்ப்பாயே, அதே வாசம். வேலைக்கு வராத அந்த இடது கைக்கும் கடைசிவரை பவுடர் போட்டிருக்கிறாய். கல்யாண மாப்பிள்ளை என்று நினைப்பு. பிளேடைக் கீழே வைத்துவிட்டு, எதிர்க்கடைக்குப் போய் ஒரு டீ குடித்துவிட்டுத்தான் திரும்ப உட்கார்ந்தேன்.

நான் கடுதாசி எழுதுகிறேன் என்றால் நீ சிரிப்பாய். சிரி. ஆனால் உன்னிடம் ஒன்று ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கிறது.

பக்கவாதம் வந்து எழுந்தபோது உனக்குக் கால் தேறிவிட்டது, இடது கை தேறவில்லை. டிரைவர் சீட்டை விட்டு இறக்கிவிட்டார்கள். வீட்டில் முகட்டைப் பார்த்தே படுத்துக் கிடந்தாய். அப்பா வெளியே போய் வரட்டும் என்று உன் மகள் இந்த மலை ஏறும் சைக்கிளை வாங்கி அனுப்பினாள். நம் சமயநல்லூரில் ஏது மலை, கண்மாய்க் கரைதான். அதைத் தள்ளிக்கொண்டு என் சைக்கிள் ரிப்பேர் கடைக்கு வந்து, வலது கையை என் மேசைமேல் விரித்து வைத்தாய். வாய் கொஞ்சம் குழறியது.

"இது ஒண்ணுதான் மாப்ள டூட்டிக்கு வருது. இதப் பாத்துக்க. ரெண்டு பிரேக்கையும் இதுலயே கட்டிக் குடு."

மூன்று சக்கர வண்டிகளுக்குப் போடுகிற பிடி ஒன்று இருந்தது. ஒன்றை அமுக்கினால் இரண்டு கேபிளையும் இழுக்கும். ஆனால் பின் பிரேக் கேபிள் அந்த சைக்கிளில் வெளியே ஓடவில்லை, பிரேம் குழாய்க்குள்ளேயே ஓடியது. வலது பக்கம் கொண்டுவர நீளம் போதவில்லை. புதிதுதான் போட வேண்டும். பழைய கேபிளின் வாலில் புதியதைக் கட்டிவிட்டு இழுத்திருக்க வேண்டும். நான்தான் பெரிய மேஸ்திரி ஆயிற்றே, பழையதை ஒரே இழுப்பில் உருவி வீசிவிட்டேன். அப்புறம் புதியதை உள்ளே விட்டால் மறுபக்கம் வரவே இல்லை. சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்தேன், குலுக்கினேன், குழாய்க்குள் ஊதினேன். சிரித்துச் சிரித்து உனக்குப் புரையேறிவிட்டது.

யோசனை உன்னுடையதுதான். சின்ன இரும்பு நட்டில் தையல் நூலைக் கட்டி குழாய்க்குள் போடச் சொன்னாய். உடைந்த ஸ்பீக்கரின் காந்தத்தை வலது கையில் எடுத்து, அந்த அலுமினியக் குழாயின் வெளிப்பக்கமாக மெல்ல நகர்த்தினாய். உள்ளே நட்டு கூடவே ஊர்ந்தது.

"ஆரப்பாளையம் எறங்கு... பரவை, பரவை... சமயநல்லூர்லாம் முன்னால வா..."

"டிரைவர் வேலை போயி கண்டக்டர் ஆயிட்டியாடா?"

"சில்லறையா எடுத்து வையி. வாடிப்பட்டி!"

வாடிப்பட்டியில் நூல் வெளியே எட்டிப் பார்த்தது. விழுந்து எழுந்த பிறகு நீ அம்புட்டு வார்த்தை பேசி அன்றைக்குத்தான் கேட்டேன். அந்த நூலில் கட்டித்தான் உன் கேபிளை இழுத்தோம். இரண்டு வருசம் கரை கரையாகச் சுற்றினாய். அடுத்த முறை வந்த வாதம் உன்னை எழுந்திருக்க விடவில்லை.

இப்போது சைக்கிளை ஓட்டுவது என் தங்கச்சி, உன் சம்சாரம். கண்மாய்க்கு அந்தப்பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமைக்கிறாள். குறுக்குக் கம்பியைத் தாண்டிக் கால் போட இந்த வயசில் சுடிதாருக்கு மாறிவிட்டாள். "காலேஜ் எத்தனை மணிக்குத் தாயி?" என்று நான் கேட்காத நாளில்லை. அவளும் சிரிப்பாள்.

போன மாதம் வந்து, "அண்ணே, அமுக்க முடியல. கல்லு மாதிரி இருக்கு. பிரேக்க ரெண்டு பக்கமும் தனித்தனியா மாத்திக் குடுங்க" என்றாள்.

"உள்ள போற கேபிள் தாயி. மதுரைல சொல்லி வச்சிருக்கேன், வரட்டும்."

பொய். கேபிள் என் தலைக்குப் பின்னால் ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. மூன்று தடவை வந்தாள், மூன்று தடவையும் அதே பொய். நீ ஊர் ஊராகக் கூவி உள்ளே அனுப்பியதை உருவ எனக்கு மனசு வரவில்லை.

இன்று விடிந்ததும் நொண்டிக்கொண்டு வந்தாள். முழங்கையெல்லாம் சிராய்ப்பு.

"நேத்து கரையில ஆட்டுக்கூட்டம் குறுக்க வந்துச்சுண்ணே. ரெண்டு கையாலயும் அந்த ஒத்தப் பிடியப் புடிச்சு அமுக்குனேன். வண்டி திரும்பி சரிவுல போயிட்டேன்." ஆணியைப் பார்த்தாள். "அந்தா தொங்குதே, அது கேபிளா, துணி காயப்போடுற கொடியா?"

"அவன் போட்டத உருவ மனசு வரல தாயி" என்று கேபிளை ஆணியிலிருந்து இறக்கினேன்.

"எனக்கு மட்டும் மனசு வருதா? அவரு சட்டையெல்லாம் மடிச்சபடியே பொட்டியில கெடக்கு. ஆனா சட்டை யாரையும் கீழ தள்ளாதுண்ணே."

சைக்கிளை விட்டுவிட்டு பஸ்ஸில் வேலைக்குப் போனாள்.

உருவிவிட்டேன் மாப்ள. இந்த முறை புதிய கேபிளின் தலையை உன் கேபிளின் வாலோடு சேர்த்து, மெல்லிசாக டேப் சுற்றி இழுத்தேன். பழையது வெளியே வர வர, புதியது அது போன வழியிலேயே உள்ளே போனது. உன் கேபிள் துருவேறி இறுகிப்போயிருந்தது. இதை வைத்துக்கொண்டா அவள் ஒரு மாதம் ஓட்டினாள்?

மூன்று மணிக்கு வந்தவளை, பிடியில் கை வைக்கச் சொன்னேன். விரல் நுனிதான் எட்டியது. சின்னக் கை. கரண்டி பிடித்துக் காய்த்த கை. இத்தனை நாள் அந்தக் கையை நான் பார்க்கவே இல்லை. திருகாணியை முடுக்கி, இரண்டு பிடியையும் அவள் விரலுக்குப் பக்கத்தில் கொண்டுவந்தேன். ரயில்வே கேட் வரை போய்த் திரும்பியவள், நேரே என்மேல் ஏற்றுவதுபோல் வந்து, என் காலுக்கு ஒரு சாண் முன்னால் நிறுத்தினாள்.

"பயந்துட்டீங்களாண்ணே?"

"நான் பயப்படல. என் கைலிதான் கொஞ்சம் பயந்துருச்சு."

"இப்பத்தான் என் வண்டி மாதிரி இருக்கு" என்றாள். சுருக்கென்றது. சந்தோசமாகவும் இருந்தது.

சாயங்காலம் பரவைப் பக்கத்து ஆள் ஒருவர் பிரேக் சரியில்லை என்று ஒரு சைக்கிளைக் கொண்டுவந்தார். வண்டியை அப்புறம் பார்ப்போம், முதலில் கையைக் காட்டுங்கள் என்றேன்.

"ரேகை பாப்பீங்களாண்ணே?" என்றார்.

"இல்ல. இன்னைக்குத்தான் வெரல் பாக்கக் கத்துக்கிட்டேன்."

அவர் சிரித்துக்கொண்டே வலது கையை என் மேசைமேல் விரித்து வைத்தார். இன்னொன்றையும் வைக்கச் சொன்னேன்.