பாப்பாவை அனுப்ப மாட்டேன்

அன்புள்ள அப்பாவுக்கு,

முழங்கால் வலி குறைந்ததா? அம்மா மாத்திரையைத் தவறாமல் போடுகிறாளா? நானும் பாப்பாவும் சௌக்கியம்.

குழந்தைகள் காப்பகத்தில் கட்டணத்தை ஏற்றிவிட்டார்கள். என் சம்பளத்தில் முக்கால்வாசி அதற்கே போய்விடும். பதறாதீர்கள், வழி கண்டுபிடித்துவிட்டேன். எங்கள் ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் இஸ்திரி போடும் அக்காவுக்கு இரட்டைக் குழந்தைகள். அவள் காலை ஷிப்ட். நான் மாலைக்கு மாறிக்கொண்டால் ஒருத்தி வேலைக்குப் போகும்போது இன்னொருத்தி மூன்றையும் பார்த்துக்கொள்ளலாம். திங்கட்கிழமை பாப்பாவை இடுப்பில் வைத்துக்கொண்டே மேனேஜரிடம் போய்க் கேட்டேன்.

"எதுக்கும்மா இந்த அலைச்சல்? பேசாம வேலையை விட்டுட்டு வீட்லயே இருக்கலாமே?" என்றார்.

"ரெண்டு வருஷத்துல இவ ஸ்கூலுக்குப் போயிடுவா சார். அப்ப என் வேலையைத் திருப்பித் தருவீங்களா?"

அதற்குள் பாப்பா அவருடைய பேனாவைப் பிடுங்கிக் கடிக்க ஆரம்பித்துவிட்டாள்.

"சரிம்மா, மாலை ஷிப்டே வச்சுக்க. முதல்ல பேனாவைக் குடு, கையெழுத்துப் போடணும்!"

பாப்பாவை ஊருக்கு அனுப்பிவிடு என்று எழுதியிருந்தீர்கள். மாட்டேன் அப்பா. உங்கள் மாப்பிள்ளை கப்பலிலிருந்து வர இன்னும் ஐந்து மாதம் ஆகும். ஆகட்டும். பாப்பாவும் என்னோடு இருப்பாள், வேலையும் என்னோடு இருக்கும். இரண்டில் ஒன்றை விடு என்று யார் சொன்னாலும், நீங்களே சொன்னாலும், கேட்கப் போவதில்லை.

பாப்பாவுக்கு விரிக்க உங்கள் பழைய வேட்டி இரண்டு அனுப்புங்கள். நீங்கள் கட்டியதாக இருக்கட்டும். துவைக்க வேண்டாம், அப்படியே அனுப்புங்கள்.

மூன்றும் ஒரே நேரத்தில் எழுந்துவிட்டன. நிறுத்துகிறேன்.

உங்கள் பிடிவாதக்காரி