இருமல் இல்லாத குரல்

மார்ச் 2

அன்புள்ள தம்பிக்கு,

நலம். நீயும் நலம் என்றே வைத்துக்கொள்கிறேன், எழுதினால்தானே தெரியும். இங்கே கைபேசிக்குச் சிக்னல் கிடையாது. தண்ணீர் லாரி வரும் நாளில்தான் தபால்.

நீ சுத்தம் செய்து அனுப்பிய ஒலிப்பதிவு அருமை. நடுவில் விழுந்திருந்த என் இருமலை எப்படித்தான் வெட்டினாயோ. அந்தக் குரலைக் கொடுத்த பெண் பறவை போன வருடமே மின்கம்பியில் அடிபட்டுச் செத்துவிட்டது. குரல் மட்டும் மிச்சம். அழிந்துவரும் இந்த இனத்தில் இன்னும் எத்தனை உயிரோடு இருக்கின்றன என்று எண்ணத்தான், விடியும்போது ஒலிபெருக்கியில் அதைப் போட்டுவிட்டுக் காத்திருப்பேன். பதில் வந்தால் அங்கே ஆண் இருக்கிறது என்று கணக்கு. இந்தப் பொட்டல் முழுக்கச் சுற்றியும் ஒரே ஒருவர்தான் பதில் சொல்கிறார். மாப்பிள்ளை என்று பெயர் வைத்திருக்கிறேன். கழுத்தை உப்பிக்கொண்டு ஒலிபெருக்கிக்கு முன்னால் வந்து நிற்கிறார், பெண்ணைக் காட்டு என்பதுபோல. பாவமாக இருக்கிறது. எங்காவது ஒரு பெண் மிஞ்சியிருந்தால் போதும்.

அக்கா

மார்ச் 11

அன்புள்ள அக்கா,

கல்யாணத் தரகர் வேலையும் ஆரம்பித்துவிட்டாயா? எனக்கு வரன் பார்க்க மட்டும் உனக்கு நேரம் இல்லை.

இருமலை வெட்டியது உன் பிரதியில்தான். என்னிடம் இருப்பதில் அப்படியே விட்டிருக்கிறேன். ஸ்டூடியோவில் வேலை இல்லாதபோது போட்டுக் கேட்பேன். நீ பக்கத்தில் உட்கார்ந்து திட்டத் தொண்டையைச் செருமுவதுபோல இருக்கும்.

போன வாரம் ஒருவர் வந்தார். கழுத்தில் பைனாகுலர், பேச்சில் அவ்வளவு மரியாதை. "உங்க அக்கா பண்றது பெரிய வேலை சார். அந்தக் குரல் ஒரு காப்பி குடுத்தீங்கன்னா நாங்களும் தேடிப் பாப்போம்" என்றார். உனக்குத் துணை கிடைத்ததே என்று என் பிரதியிலிருந்தே எடுத்துக் கொடுத்தேன். வாங்கியதும் கிளம்பிவிட்டார்.

தம்பி

மார்ச் 20

தம்பி,

யார் அவன்? எங்கிருந்து வந்தான் என்றாவது கேட்டாயா?

இன்று காலை நான் ஒலிபெருக்கியைத் தொடுவதற்கு முன்பே ஓடைப் பக்கம் பெண் குரல் கேட்டது. பெண் வந்துவிட்டாள் என்று முள் காலைக் கிழிக்க ஓடினேன். அப்படி ஒரு சந்தோஷம் எனக்கு இதற்குமுன் வந்ததே இல்லை. மாப்பிள்ளையும் எனக்கு முன்னால் ஓடிக்கொண்டிருந்தார். அப்போது ஓடைக்குள்ளிருந்து நான் இருமினேன்.

என் இருமல், தம்பி. நான் வாயைத் திறக்கவே இல்லை.

கத்திக்கொண்டே கல்லை எறிந்து மாப்பிள்ளையைத் துரத்திவிட்டேன். போய்ப் பார்த்தபோது ஆட்கள் கிளம்பியிருந்தார்கள். வண்டித்தடம், வரிசையாக நைலான் கண்ணிகள். லாரிக்காரர் சொன்னார்: "உசுரோட புடிச்சா நல்ல வெலையாம்மா. திரும்பவும் வருவாங்க. தனியா அந்தப் பக்கம் போகாதீங்க." வனத்துறையில் இருக்கும் ஒரே வண்டியும் பழுதாம்.

உன்மேல் கோபமாக இருக்கிறேன். மறைக்கத் தெரியவில்லை.

அக்கா

மார்ச் 28

அக்கா,

தப்பு என்னுடையதுதான். அந்த ஆள் கொடுத்த எண்ணை அடித்தால் அப்படி ஒரு எண்ணே இல்லை என்கிறது. எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. லீவு கேட்டிருக்கிறேன், கிடைத்ததும் லாரியிலேயே ஏறி வருகிறேன். திட்டுவதை நேரில் திட்டு.

தம்பி

ஏப்ரல் 5

தம்பிக்கு,

அவர்கள் போய்விட்டார்கள். போகவைத்தது நான்தான்.

தினமும் விடியலில் அந்தக் குரலைப் போட்டேன். மாப்பிள்ளை ஓடிவந்து நின்றதும் தகரத்தை அடித்தேன், பட்டாசு வெடித்தேன். முதலில் மறுபடியும் மறுபடியும் வந்தார். நம்பி வந்தவரை இப்படிச் செய்கிறோமே என்று அழுதுகொண்டேதான் செய்தேன். கடைசியில் குரல் கேட்டாலே பதுங்கப் பழகிவிட்டார். ஓடையில் அவர்கள் போட்டுப் போட்டுப் பார்த்தார்கள். ஒன்றும் வரவில்லை. கண்ணிகளைச் சுருட்டிக்கொண்டு போனார்கள்.

இன்று காலை கிழக்கு மேட்டில் ஒரு குரல். இருமல் வருகிறதா என்று காத்திருந்தேன். வரவில்லை. பைனாகுலரில் பார்த்தேன். உயிருள்ள பெண், மேட்டின்மேல் நின்று கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். வெயில் ஏறும்வரை கூப்பிட்டாள். மாப்பிள்ளை புதரடியில் தரையோடு தரையாகக் கிடந்தார். பிறகு எழுந்து மேற்கே ஓடினார்.

நீ வர வேண்டாம். கோபம் எப்போதோ தீர்ந்துவிட்டது. ஆனால் லாரியிலிருந்து இறங்கி நீ "அக்கா" என்று கூப்பிட்டால் நான் எந்தப் பக்கம் ஓடுவேன் என்று எனக்குத் தெரியவில்லை.

அக்கா